நிலவில் டேட்டாவை சேமிக்க முடியுமா? பாறசாலை பத்திரமும் 'ஃப்ரீடம்' பெட்டியும்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 வரை எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. கோரிக்கைப் பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. சொந்தபந்தம் இன்றும் இரண்டு பக்கமும்தான். பழைய நிலப் பத்திரங்களும் (கேரளத்தில் அதற்கு 'ஆதாரம்' என்று பெயர்) அப்படியே. விளவங்கோட்டில் இருக்கும் பேரனுக்குத் தாத்தாவின் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். எடுத்துப் படிக்க ஆள் தேட வேண்டும்.

ஒரு ஆவணத்தை எங்கே வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற இதே கேள்விக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த லோன்ஸ்டார் டேட்டா ஹோல்டிங்ஸ் நிறுவனம் சொல்லும் பதில்: நிலவில்.

உண்மையிலேயே அனுப்பினார்களா?

அனுப்பினார்கள். 2025 பிப்ரவரி 26 அன்று இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் 'அதீனா' லேண்டரில் 'ஃப்ரீடம்' என்ற சின்ன டேட்டா சென்டர் கிளம்பியது. பெரிய புத்தகம் அளவுதான். உள்ளே 8 டெராபைட் எஸ்எஸ்டி. ஃபுளோரிடா மாநிலம், ஐல் ஆஃப் மேன் அரசு ஆகியவற்றின் டேட்டாவும் அதில் இருந்தது. வழியிலும் நிலவின் சுற்றுப்பாதையிலும் நடந்த சோதனைகள் வெற்றி என்றது லோன்ஸ்டார். மார்ச் 6 அன்று தென் துருவம் அருகே இறங்கிய அதீனா, ஒரு பள்ளத்தில் சாய்ந்து விழுந்தது. சோலார் பேனலுக்கு வெயில் கிடைக்கவில்லை. மறுநாளே திட்டம் முடிந்தது. பெட்டி இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் போய் எடுக்க முடியாத பெட்டியை பேக்கப் என்று சொல்வது கஷ்டம்.

எதற்கு அவ்வளவு தூரம்?

ஐடியில் இருப்பவர்களுக்கு 3-2-1 விதி தெரிந்திருக்கும்: மூன்று பிரதி, இரண்டு வகை மீடியா, ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடத்தை' பூமிக்கு வெளியே கொண்டுபோவதுதான் திட்டம். வெள்ளம், போர், கேபிள் அறுப்பு எதுவும் அங்கே தொடாது. யோசனையில் தப்பில்லை. சிக்கல் எல்லாம் நடைமுறையில்.

முதல் சிக்கல் தூரம். நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. சிக்னல் போய்வரவே சுமார் 2.6 விநாடி ஆகும். வீடியோ கால், யுபிஐ மாதிரி வேலைக்கு இது ஆகாது. ஆவணக் காப்பகத்துக்கு ஆகும். ஆனால் வேகம்? 2013-ல் நாசா லேசர் மூலம் நிலவிலிருந்து 622 எம்பிபிஎஸ் வேகத்தில் டேட்டா இறக்கிக் காட்டியது. மேலே ஏற்றியது 20 எம்பிபிஎஸ். அந்தக் கணக்கில் 8 டெராபைட்டை இறக்க ஒன்றேகால் நாள் போதும். ஏற்ற 37 நாள் ஆகும், அதுவும் இடைவிடாமல்! அதனால்தான் டேட்டாவை இங்கேயே நிரப்பி, பெட்டியோடு அனுப்புகிறார்கள்.

அடுத்தது குளிர். இது நம்ம ஊருக்குப் புதிதல்ல. சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கியது; நிலவின் ஒரு பகல், அதாவது நம் 14 நாள், வேலை பார்த்தது. செப்டம்பர் தொடக்கத்தில் உறங்க வைத்தார்கள். 22-ம் தேதி எழுப்பப் பார்த்தும் எழவில்லை. அந்த 14 நாள் இரவில் வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும். நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 டிகிரி வரை ஏறும். போதாக்குறைக்கு, காற்றோ காந்தப்புலமோ இல்லாததால் கதிர்வீச்சு நேராகச் சிப்பில் விழும். சேமித்த பிட்டுகள் மாறிப்போகலாம்.

இதற்கு வழியாக எரிமலைக் குழம்பு விட்டுச்சென்ற குகைகளைச் சொல்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதைச் சந்திரயான்-1 படங்களிலும் பார்த்திருக்கிறார்கள். சில பள்ளங்களின் நிழலில் சுமார் 17 டிகிரி என்று நாசா தரவுகள் சொல்கின்றன. கிட்டத்தட்ட ஏசி அறை. அதற்குள் கேபிளும் கரண்டும் கொண்டுபோவது யார் என்பதுதான் கேள்வி.

செலவு? அஸ்ட்ரோபாட்டிக் நிறுவனம் நிலவில் இறக்கச் சொன்ன விலை கிலோவுக்கு 12 லட்சம் டாலர், ஏறத்தாழ 10 கோடி ரூபாய். ஹார்ட் டிஸ்க் பழுதானால் மாற்ற டெக்னீஷியன் போக முடியாது. லோன்ஸ்டாரே அடுத்து, தரையிறங்கும் வம்பு இல்லாமல், பூமிக்கும் நிலவுக்கும் நடுவே உள்ள எல்1 புள்ளியில் செயற்கைக்கோள் வைக்கத் திட்டமிடுகிறது. எனக்கு இதுதான் கொஞ்சம் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது.

யாருடைய சட்டம்?

எல்லைக் கிராமத்துக்காரருக்கு உடனே வரும் சந்தேகம் இது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அனுப்பிய பொருளைப் பதிவுசெய்த நாட்டுக்கு அதன்மேல் அதிகாரம் தொடரும். அமெரிக்கா பதிவுசெய்தால் அமெரிக்க அதிகாரம், இந்தியா பதிவுசெய்தால் இந்திய அதிகாரம். அதே சமயம், பணப் பரிவர்த்தனை டேட்டாவை இந்தியாவில் மட்டுமே வைக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு. இந்தியா பதிவுசெய்த பெட்டி நிலவில் இருந்தால் அது 'இந்தியாவில்' இருப்பதாகுமா? அந்த உத்தரவு நிலவைப் பற்றிப் பேசவில்லை.