கடல் கடந்த முதலும் மகமையும்

சிவாலயத் திருப்பணி வரலாற்றை ஆராயப்புகுவார் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பர்மா வாணிகத்தை அறியாது அப்பாற் செல்லல் இயலாது. கீழ்ப் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் வயப்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதிக் கழிமுகத்து நெல்லுக்கு மேனாட்டுச் சந்தை விரிந்தது. காடு திருத்தி வயலாக்கிய உழவர்க்குக் கடன் கொடுக்க ஆங்கில வங்கிகள் முன்வந்தில, நகரத்தார் முன்வந்தனர்.

அம்முதல் எங்ஙனந் திரண்டது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. கடல் கடந்தோர் வீட்டிற்கு விடுக்கும் பொருளையே உலகம் பேசும். இங்கோ முதற்கண் வீட்டினின்றே பொருள் கடல் கடந்தது. மணமகட்குப் பெற்றோர் அளித்த சீதனப் பணம் பெட்டகத்துள் உறங்காது, உறவினர் கடையில் அவ்வாச்சியின் பேரிலேயே வரவு வைக்கப்பெற்று, தவணைதோறும் வட்டி ஏறப்பெற்றது. உண்டியல் வழியே அது இரங்கூனும் மோல்மேனும் பினாங்கும் சென்றது. கடையை நடத்தும் முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையிற் சென்றனர். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்னரே குடும்பத்தார் கையிற் சேர்ந்தது. இவ்வேற்பாட்டின் ஆணிவேர் நம்பிக்கை. இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களை ஒட்டிய பங்காளிமுறை அந்நம்பிக்கைக்கு அரணாயிற்று. வாக்குத் தவறியவன் கோயிலிலும் தலைநிமிர்ந்து நிற்றல் அரிதன்றோ!

சென்றவிடத்தும் இறைவனை மறந்தாரல்லர். சிங்கப்பூரில் 1859-இல் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். வாணிகத்தில் மகமையென ஒரு பங்கு இறைவன் பேரிற் பற்றெழுதப்பெற்றது. பாடல்பெற்ற தலங்கள் பலவற்றின் கோபுரமும் திருமதிலும் அம்மகமையாற் புதுப்பொலிவு எய்தின.

ஆயினும் அப்பொருள் பர்மிய உழவன் செலுத்திய வட்டி என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1930-இல் பர்மா வங்கி விசாரணைக் குழுவினர் நகரத்தார் முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாயென மதித்தனர். அவ்வமயமே நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பாமையின் ஈட்டு நிலங்கள் அவர் கைக்கு வந்தன. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல்மாவட்டங்களில் வயல்களுள் ஏறத்தாழ நாலிலொன்று அவரதாயிற்று. அவர் வேண்டியது பணமேயன்றி நிலமன்று. நிலமிழந்தான் அவ்வேறுபாட்டை எங்ஙனம் உணர்வான்? பகை முற்றியது.

1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். முகவரிற் பலர் கடை துறந்து தாயகம் நோக்கினர். 1948-இல் விடுதலைபெற்ற பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டமியற்றிற்று. ஆச்சிமார் சீதனம் வரவெழுதிய பேரேடுகள் செட்டிநாட்டு வீடுகளில் எஞ்சின, பணம் மீளவில்லை.