2023 தாமிரபரணி வெள்ளம்

2023 தாமிரபரணி வெள்ளம் என்பது 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களில் பெய்த அதி கனமழையால் தாமிரபரணி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தைக் குறிக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களும் இதில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் சேதம் ஏற்பட்டது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலை, தொடருந்து, மின்சாரம், தொலைத்தொடர்பு, குடிநீர் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுபோனதால் பல ஊர்கள் சில நாட்கள் தீவுகளாகத் துண்டிக்கப்பட்டிருந்தன. மிக்சாம் புயலால் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கி இரண்டு வாரங்கள் முடிவதற்குள் இந்நிகழ்வு நடந்தது.

புவியியல் பின்னணி

தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகை மலைப்பகுதியில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாகப் பாய்ந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஆகும். தோன்றும் இடமும் கடலில் கலக்கும் இடமும் தமிழ்நாட்டிற்குள்ளேயே அமைந்த ஆறு இது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியன இதன் முக்கியத் துணையாறுகள். இவற்றுள் சிற்றாறு, திருநெல்வேலி நகருக்குக் கீழே சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் சேர்கிறது.

மலையடிவாரத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. அவற்றுக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் (ஸ்ரீவைகுண்டம்) என எட்டு அணைக்கட்டுகள் அமைந்துள்ளன. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் நூற்றுக்கணக்கான குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பியதும் அதன் உபரிநீர் மறுகால் வழியாக அடுத்த குளத்தைச் சேரும். பாசனத்திற்கு மிகவும் உகந்த இவ்வமைப்பில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மேலுள்ள குளத்தின் கரை உடையுமானால் அதன் நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழுள்ள குளத்தைத் தாக்கும்.

மேலும், மலைப்பகுதி மழைவளம் மிக்கதாக இருப்பினும், கடற்கரையை ஒட்டிய சமவெளி மழை மறைவுப் பகுதியாகும். செம்மண் தேரிகளும் உப்பளங்களும் நிறைந்த அப்பகுதியில் வறட்சியே வழக்கமான கவலையாக இருந்து வந்துள்ளது.

மழைப்பொழிவு

குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியே இம்மழைக்குக் காரணமாகும். புயலோ, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ உருவாகவில்லை. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தொடங்கிய மழை மறுநாளும் நீடித்தது. டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சில இடங்களில் பதிவான மழையளவு வருமாறு:

* காயல்பட்டினம் - 95 செ.மீ.
* திருச்செந்தூர் - 69 செ.மீ.
* திருவைகுண்டம் - 62 செ.மீ.
* மூலைக்கரைப்பட்டி - 62 செ.மீ.
* மாஞ்சோலை - 55 செ.மீ.

இந்திய வானிலை ஆய்வுத்துறை ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்யும் மழையை அதி கனமழை என வகைப்படுத்துகிறது. காயல்பட்டினத்தில் பெய்தது அவ்வெல்லையைப் போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். அவ்வூரில் ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அந்த ஒரு நாள் மழை மிகுதியாகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீருக்குச் சமம். எனவே அங்கு ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மீதும் ஏறத்தாழ 950 லிட்டர் நீர் கொட்டியது எனலாம்.

ஒப்பீட்டிற்கு, 2005 சூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் 94.4 செ.மீ. மழை பதிவானது. 1995 சூன் 16 அன்று சிரபுஞ்சியில் 156.3 செ.மீ. பெய்தது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 1966 சனவரியில் பதிவான 182.5 செ.மீ. என்பதே 24 மணி நேரத்திற்கான உலக அளவாகும்.

வெள்ளத்தின் போக்கு

பெருமழை மலையில் மட்டும் பெய்திருந்தால் அணைகள் அதில் ஒரு பகுதியைத் தாங்கியிருக்கும். இம்முறை மழையின் பெரும்பங்கு அணைகளுக்குக் கீழேயுள்ள சமவெளியில் பெய்தது. அணைகளிலிருந்து திறக்கப்பட்ட உபரிநீர், துணையாறுகளின் நீர், குளங்களின் மறுகால் நீர் ஆகிய மூன்றும் ஆற்றில் ஒன்றுசேர்ந்ததால் நீரோட்டம் நொடிக்கு ஒரு இலட்சம் கன அடியைத் தாண்டியது.

திருநெல்வேலி மாநகரில் ஆற்றங்கரையை ஒட்டிய வண்ணார்பேட்டை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் ஆகிய பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரால் சூழப்பட்டன. ஆற்றின் நடுவே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. வெள்ளக்காலங்களில் இக்கோயில் மூழ்குவதும், அதற்கு முன்னரே உற்சவரை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வதும் மரபாகும்.

மருதூருக்குக் கீழே சேதம் இன்னும் கடுமையாக இருந்தது. திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் துண்டிக்கப்பட்டன. ஏரலில் ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. கடைத்தெருவிலும் வீடுகளிலும் முதல் தளம் வரை நீர் ஏறியது. தாமிரபரணிக் கரையில் அமையாத தூத்துக்குடி மாநகரும் தப்பவில்லை. நகரில் பெய்த மழையுடன், கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த நீரும் சேர்ந்ததால் பல குடியிருப்புகளில் நாட்கணக்கில் நீர் தேங்கி நின்றது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளும் நீர் புகுந்தது.

செந்தூர் விரைவுத் தொடருந்து

டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுத் தொடருந்து, முன்னெச்சரிக்கையாகத் திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். அந்நிலையத்திற்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக் கற்களும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி தொடர்ந்து சென்றிருந்தால் பெரும் விபத்து நேர்ந்திருக்கக்கூடும்.

பயணிகளுள் ஏறத்தாழ 300 பேர் அருகிலுள்ள பள்ளியொன்றில் தங்க வைக்கப்பட்டனர். எஞ்சியோர் நிலையத்திலும் பெட்டிகளிலும் இருந்தனர். சாலைகள் மூழ்கியதால் வெளியிலிருந்து உதவி வந்து சேர முடியவில்லை. அந்நேரத்தில் தாங்களும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த புதுக்குடி ஊர்மக்கள், தம்மிடமிருந்த அரிசி, பருப்பைக் கொண்டு பயணிகளுக்குச் சமைத்து வழங்கினர். பின்னர் விமானப்படை உலங்கு வானூர்திகள் உணவுப் பொட்டலங்களை இட்டதுடன், கருவுற்ற பெண் ஒருவர் உள்ளிட்ட சிலரை மீட்டுச் சென்றன. டிசம்பர் 19 அன்று தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ஏனைய பயணிகளை வெளியேற்றினர். அவர்கள் பேருந்துகளில் வாஞ்சி மணியாச்சி நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டு, சிறப்புத் தொடருந்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். திருநெல்வேலி - திருச்செந்தூர் தடம் சீரமைக்கப்பட்டு 2024 சனவரி முற்பகுதியில் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

அன்றாட வாழ்வில் பாதிப்புகள்

மின்சாரம், தொலைத்தொடர்பு: துணைமின் நிலையங்களில் நீர் புகுந்ததாலும், மின்கசிவால் உயிரிழப்பு நேராதிருக்கவும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் இன்றிக் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. வெளியூர்களில் இருந்த உறவினர்கள் தம் குடும்பத்தாரின் நிலையை அறிய இயலாமல் தவித்தனர். மின்னணுப் பணப் பரிமாற்றமும் பணம் வழங்கும் இயந்திரங்களும் இயங்காததால், கையில் பணம் வைத்திருந்தோர் மட்டுமே பொருள் வாங்க முடிந்தது.

குடிநீர்: இப்பகுதியின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தாமிரபரணி ஆற்றுப்படுகையில் அமைந்த உறைகிணறுகளை நம்பியுள்ளன. கிணறுகளும் குழாய்களும் சேதமடைந்ததால், ஊரைச் சுற்றி வெள்ளம் நின்றபோதும் குடிக்க நீரில்லாத நிலை ஏற்பட்டது. தண்ணீர்ப் பந்தல்களும் சரக்குந்துகளும் மூலம் நீர் வழங்கப்பட்டது. பலர் மாடியில் பாத்திரங்களை வைத்து மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்தினர்.

போக்குவரத்து: திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் செல்லும் சாலைகளில் போக்குவரத்து நின்றது. பல தொடருந்துகள் நிறுத்தப்பட்டன. தூத்துக்குடி வானூர்திச் சேவைகளும் தடைப்பட்டன.

கல்வி: நான்கு மாவட்டங்களிலும் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வுகள் சனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டன. நனைந்து அழிந்த பாடநூல்களும் சான்றிதழ்களும் மாணவர்களுக்குப் பெரும் கவலையாயின.

வேளாண்மை, தொழில்: தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு நெற்பருவங்கள் உண்டு. வெள்ளம் வந்தபோது பிசானப் பயிர் இளம் நிலையில் இருந்தது. பல வயல்களில் பயிர் அழுகியதோடு, மணல் மூடியதால் நிலத்தைத் திருத்தும் செலவும் கூடியது. திருவைகுண்டம், ஏரல் வட்டங்களில் வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. கொட்டிலில் கட்டப்பட்டிருந்த ஆடுமாடுகள் பெருமளவில் மாண்டன. தூத்துக்குடி உப்பளங்களில் சேமித்து வைத்திருந்த உப்பு கரைந்துபோனது.

மீட்பும் நிவாரணமும்

தேசிய, மாநிலப் பேரிடர் மீட்புப் படைகள், தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியன மீட்புப் பணியில் ஈடுபட்டன. கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி வந்து தெருக்களில் செலுத்தி, மாடிகளில் சிக்கியோரை மீட்டனர். பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் முகாம்கள் அமைக்கப்பட்டன. நீர் வடிந்தபின் சேற்றை அகற்றுதல், கிணறுகளில் குளோரின் இடுதல், மருத்துவ முகாம் நடத்துதல் ஆகிய பணிகள் தொடர்ந்தன.

டிசம்பர் 21 அன்று பாதிக்கப்பட்ட இடங்களைப் பார்வையிட்ட முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், பிற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாயும் அறிவித்தார். உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது.

முன்னறிவிப்பு குறித்த கருத்து வேறுபாடு

வானிலை ஆய்வுத்துறையின் சிவப்பு எச்சரிக்கை டிசம்பர் 17 அன்றே கிடைத்தது என்றும், பெய்த மழை முன்னறிவிக்கப்பட்ட அளவை விடப் பன்மடங்கு என்றும் மாநில அரசு கூறியது. டிசம்பர் 12 முதலே எச்சரிக்கை வழங்கப்பட்டு வந்ததாக ஒன்றிய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுமொழி கூறினார். இதனைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டுமென்ற மாநில அரசின் கோரிக்கையையும் ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

முந்தைய வெள்ளம்

இப்பள்ளத்தாக்கில் பலரும் நினைவுகூரும் மற்றொரு பெருவெள்ளம் 1992 நவம்பரில் ஏற்பட்டது. அப்போது மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சியில் ஒரு நாளில் 96 செ.மீ. மழை பதிவானது. அவ்வெள்ளம் மலையிலிருந்து இறங்கியதால் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் போன்ற மேற்பகுதி ஊர்கள் முதலில் பாதிக்கப்பட்டன. 2023இல் கீழ்ப்பகுதி ஊர்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. வெள்ளத்தை அணைகளின் நீர்மட்டத்தைக் கொண்டு மட்டும் கணிக்க இயலாது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

வெள்ளநீர்க் கால்வாய்

வெள்ளக்காலத்தில் கடலுக்குச் செல்லும் உபரிநீரை வறண்ட பகுதிகளுக்குத் திருப்பும் நோக்கில் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம். எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் 2025 பெப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. இதில் நொடிக்கு 3,200 கன அடி நீர் செல்லக்கூடும். 2023இல் ஆற்றில் ஓடிய நீருடன் ஒப்பிட இது சிறு பங்கே. ஆகவே இக்கால்வாய் வறட்சியைத் தணிக்க உதவுமாயினும், பெருவெள்ளத்தைத் தடுக்கக் குளங்களைத் தூர்வாருதல், கரைகளையும் மறுகால்களையும் பேணுதல், நீர்வழிகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுதல் ஆகியனவும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* தாமிரபரணி ஆறு
* திருவைகுண்டம் அணைக்கட்டு
* மணிமுத்தாறு அணை
* மிக்சாம் புயல்
* வடகிழக்குப் பருவமழை