வெள்ளாவியின் வெப்பம்

புறநானூற்றின் 311ஆம் பாடலில் புலைத்தி ஒருத்தி களர்நிலத்துக் கிணற்று நீரில் ஆடை வெளுக்கிறாள். வெண்மையைப் போற்றிய மரபுதான் வெளுத்தவளின் பெயரில் பின்னாளில் இழிவை ஏற்றியது. அவளறிந்த காரம் அறிவியலன்றி வேறென்ன?

1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணியை எடுத்துக்கொள்வோம். தமிழில் வண்ணார், தெலுங்கில் சாகலி, வெள்ளாவி ஒன்றே. உவர்மண் நீரில் தோய்த்த வெள்ளைப் பருத்தியை மட்டும் அடுக்கி நீராவியில் அவிப்பார்கள். வெப்பம் ஏறத்தாழ 100 பாகை. நம் சலவை இயந்திரத் திருகின் 40, 60 எல்லாம் அதற்குக் கீழேதான்! சாயத்துணியை அதில் வைப்பதில்லை, சாயம் இறங்கும். பட்டையும் வைப்பதில்லை, புரத இழையைக் காரம் அரித்துவிடும். பருத்தி தாங்கும். வெப்பமானியின்றி இவ்வளவையும் கை கணித்தது. துணிகள் வீடு மாறாதிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது.