கண்ணை நம்பிய வானம்

1956-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி காலையில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலிருந்து மூன்று நிமிஷ இடைவெளியில் இரண்டு விமானங்கள் கிளம்பின. 9 மணி 1 நிமிஷத்துக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. கம்பெனி விமானம் கான்ஸாஸ் சிட்டிக்குப் போவது. அதில் 70 பேர். அடுத்ததான யுனைடெட் கம்பெனி விமானம் சிகாகோவுக்குப் போவது. அதில் 58 பேர். ஒன்றரை மணி நேரத்துக்குள், கிராண்ட் கான்யன் என்ற மகா பள்ளத்தாக்கின் மேலே இரண்டும் மோதிக்கொண்டன. 128 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் இந்த விபத்தில் விதியைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

யுனைடெட் விமானம் 21,000 அடி உயரத்தில் பறக்க அனுமதி பெற்றிருந்தது. டி.டபிள்யூ.ஏ.வுக்குக் கிடைத்தது 19,000 அடி. வழியில் இடிமேகங்கள் எதிர்ப்படவே, அதன் விமானி தமக்கும் 21,000 அடி வேண்டுமென்று கேட்டார். அங்கே வேறொரு விமானம் இருக்கிறது, கூடாது என்று பதில் வந்தது. அப்படியானால் மேகத்துக்கு மேலே ஆயிரம் அடி விட்டுப் போகலாமா என்றார். தாராளமாகப் போகலாம் என்றார்கள். யுனைடெட் விமானம் 21,000 அடியில் வருவதையும் சொல்லி வைத்தார்கள். அன்றைக்கு மேகத்துக்கு மேலே ஆயிரம் அடி என்பது அதே 21,000 அடியாக இருந்தது! வாசலில் தடுத்தவர்களே கொல்லைக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

இப்படிப் போகிறவர் தம் கண்ணாலேயே பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் பொருந்தக்கூடிய நியாயம். மணிக்கு 300 மைலுக்கு மேல் பாய்கிற யந்திரத்துக்குள்ளே மனிதக் கண் எம்மாத்திரம்?

இரண்டு விமானங்களும் ரேடியோவில் தங்கள் நிலையை அறிவித்தன. இரண்டும் சொன்னது ஒன்றே: உயரம் 21,000 அடி, 'பெயின்டட் டெஸர்ட்' என்ற கற்பனைக் கோட்டைக் கடக்கும் நேரம் 10 மணி 31 நிமிஷம். 10 மணி 13 நிமிஷத்துக்குள் இவ்விரு தகவல்களும் ஸால்ட் லேக் சிட்டியில் இருந்த ஒரே உத்தியோகஸ்தரிடம் வந்து சேர்ந்துவிட்டன. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது. அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

அவர்மீது கோபம் வருவது சகஜம். ஆனால் விமானங்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மார்க்கத்தை விட்டுக் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தன. அங்கே எச்சரிக்கை செய்வது அவர் கடமையாக இருக்கவில்லை. அந்தக் கோடும் 170 மைலுக்கு மேல் நீளம். ஒரே நேரத்தில் கடப்பவை ஒரே இடத்தில் கடக்க வேண்டுமென்பதில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். துணிந்து சொல்ல முடியவில்லை.

யுனைடெட் விமானத்தின் இடது இறக்கை மற்றதன் வாலை அறுத்தது. பள்ளத்தாக்கின்மேல் மேகங்கள் தூண் தூணாக நின்றிருந்தன. பிரயாணிகளுக்கு இயற்கைக் காட்சியைக் காட்டும் முயற்சியும் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை செய்தவர்கள் ஊகித்தார்கள். 1957 ஏப்ரலில் அவர்கள் முடிவாகச் சொன்னது, விமானிகள் உரிய காலத்தில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்பதே. ஏன் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

பிறகு ராடார்களுக்கும் புதிய ஆட்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆனால் வானத்துக்கு இன்னும் ஒரே எஜமானர் ஏற்படவில்லை. 1958 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் அருகே ஒரு பிரயாணி விமானமும் ராணுவ விமானமும் மோதி 49 பேர் மாண்டார்கள். அந்த ஆகஸ்டில்தான் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். சிவில் விமானமானாலும் ராணுவ விமானமானாலும் வான வழிக்குப் பொறுப்பு ஓர் இலாகாவிடம் வந்தது.

டி.டபிள்யூ.ஏ. விமானத்தில் போனவர்களில் பெரும்பாலோர், ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்து மயானத்தில் ஒரே இடத்தில் சேர்த்துப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.