கேட்காமல் கொடுத்த பரிசு

1959-ஆம் ஆண்டில் இரண்டு தமிழ்ப் படங்கள் பெருவெற்றி பெற்றன. ஒன்றில் கட்டபொம்மன் தூக்குக் கயிற்றை ஏற்றான். மற்றொன்றில் ஒரு கல்லூரிப் பெண் தான் விரும்பியவனைத் தன் அக்காளுக்கு விட்டுக்கொடுத்தாள். முன்னதற்கு அரண்மனையும் படைகளும் வண்ணமும் தேவைப்பட்டன. பின்னதற்கு ஒரு நடுத்தரக் குடும்பத்து வீடே போதுமாயிற்று.

அந்த இரண்டாவது படம்தான் ‘கல்யாணப் பரிசு’. ‘அமரதீபம்’, ‘உத்தம புத்திரன்’ ஆகியவற்றுக்கு எழுதிய ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். அப்போது அவருக்கு வயது 25.

கதை எல்லோரும் அறிந்ததே. தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள் அக்காள் கீதா. தங்கை வசந்தி கல்லூரிக்குப் போகிறாள். வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். பாஸ்கர் அவர்கள் வீட்டிலேயே குடிவருகிறான், நோயில் விழுகிறான். பணிவிடை செய்த கீதாவின் மனம் அவனை நாடுகிறது. அதை அறிந்த வசந்தி, தன் காதலை மறைத்து, அக்காளை மணக்கும்படி அவனையே வற்புறுத்துகிறாள்.

இதைத் தியாகம் என்று கொண்டாடினோம். சற்று யோசித்துப் பாருங்கள். தியாகம் என்றால் தன்னுடையதைக் கொடுப்பது. பாஸ்கர் என்ன, பீரோவில் இருந்த பட்டுப்புடவையா, எடுத்து நீட்டுவதற்கு? போகட்டும், அவனுக்காவது விஷயம் தெரியும். கீதாவுக்கு? மூவரில் ஒன்றும் அறியாதவள் அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்திருந்தால் இந்தப் பரிசை அவள் வாங்கியிருப்பாளா?

ஆனாலும் அன்றைய ரசிகர்கள் வசந்தியைக் குறை கூறவில்லை. காரணம் உண்டு. தம்பி தங்கைகளுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு மூத்தவளைப் பல குடும்பங்கள் கண்டிருந்தன. அந்தக் கடனை எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதுவதில்லை. சாப்பிட்ட சோற்றிலும் கட்டிய பரீட்சைப் பணத்திலும் அது இருக்கும். வசந்தி கொடுத்தது அன்பு மட்டுமல்ல, பழைய பாக்கியும்தான்.

அதே படத்தில் தங்கவேலுவும் மனைவியிடம் பொய் சொல்கிறார், ‘மன்னார் அண்டு கம்பெனி’யில் வேலை என்று. குட்டு வெளிப்படுகிறது; கொட்டகை சிரிக்கிறது. வசந்தியின் பொய் அப்படி நல்ல நேரத்தில் வெளிப்படவில்லை. கணவனையும் தங்கையையும் கீதா சந்தேகிக்கிறாள். உண்மை தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஏ. எம். ராஜாவின் இசை இந்த இரட்டை நிலையை உணர்ந்திருந்தது. தீபாவளிப் பாட்டு ஒன்று சுசீலாவின் குரலில் மகிழ்ச்சியாகவும், ராஜாவின் குரலில் துயரமாகவும் வருகிறது. ஒருத்தியின் பண்டிகை, இன்னொருவனின் புலம்பல்! பாடல்களை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், படம் வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில், 29 வயதில் மறைந்தார்.

1960-இல் தெலுங்கிலும் 1961-இல் இந்தியிலும் இக்கதை மீண்டும் படமாயிற்று. அக்காளின் கடன் எந்த மொழிக்கும் புதிதல்லவே!

முடிவில், வசந்தியின் கல்யாணம் நடந்த வீட்டுக்குப் பாஸ்கர் வருகிறான். கீதா பெற்ற குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுத் தனியே நடந்து போகிறான். கொட்டகையில் எல்லோரும் அவனுக்காக அழுதார்கள்.

அந்தக் குழந்தையையும் யாரும் கேட்கவில்லை.