நகரும் சட்டங்களில் ஒளி

ஒன்றுக்கொன்று சீரான வேகத்தில் நகரும் நோக்குநர்களுக்கு ஒரே ஒளிக்கதிர் எப்படித் தென்படும் என்பது சிறப்புச் சார்புக் கொள்கையின் அடிப்படைக் கேள்வி. வெற்றிடத்தில் ஒளியின் கதி எல்லோருக்கும் ஒன்றே: செக்கனுக்கு 299,792,458 மீற்றர். திசையும் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும்.

சாய்வு. லிந்துலைக்கு அண்மையிலுள்ள தலவாக்கலையில் மழைநேரத்தில் கோச்சி ஏறி நானுஓயாவுக்குப் போகிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நிலையத்தில் நேராக விழுந்த மழை, வண்டி ஓடத் தொடங்கியதும் முன்னாலிருந்து சாய்ந்து அடிக்கும். விண்மீன் ஒளியும் அப்படிச் சாய்வதை ஜேம்ஸ் பிராட்லி 1728இல் கண்டறிந்தார். பூமி செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கதியில் சூரியனைச் சுற்றுவதால் விண்மீன்கள் 20 விகலை வரை இடம்பெயர்ந்து தோன்றும். இதுவே ஒளிப்பிறழ்ச்சி. மணிக்கு 36 கிலோமீற்றரில் ஓடும் கோச்சியில் அந்தச் சாய்வு 0.007 விகலைதான்.

மழை உவமை இதற்குமேல் உதவாது. பலர் தடுமாறுவதும் இங்கேதான். செக்கனுக்கு 8 மீற்றரில் விழும் துளி, அதே கதியில் போகும் கோச்சிப் பயணியை 11 மீற்றருக்குச் சற்றுக் கூடிய கதியில் அறையும். ஒளி சாயும், ஆனால் அதன் கதி கூடாது. பூமியின் ஓட்டத்தால் ஒளியின் கதி வேறுபடும் என எதிர்பார்த்த மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் அப்படி எதையும் காணவில்லை.

விலை. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியின் இந்த மாறாக் கதிக்குக் கொடுத்த விலை, 'ஒரே நேரம்' என்ற பொதுக்கருத்து. ஓடும் பெட்டியின் நடுவில் விளக்கை ஏற்றினால், உள்ளே இருப்பவருக்கு ஒளி இரு முனைகளையும் ஒன்றாகத் தொடும். தண்டவாளத்தோரம் நிற்பவருக்குப் பின்முனையை முதலில் தொடும். இருவர் சொல்வதும் சரி. ஐன்ஸ்டைன் எழுதிய அந்த ஆய்வை மேக்நாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் ஆங்கிலத்தில் பெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்டது.

ஓடும் நீருக்குள் கதை வேறு. நீர் தன் ஓட்டத்தில் ஏறத்தாழ 44 வீதத்தை மட்டுமே ஒளிக்குக் கொடுக்கிறது. 1851இல் பிசோ அளந்த இந்த விந்தை எண், ஐன்ஸ்டைனின் வேகக்கூட்டல் விதியிலிருந்து தானாகவே வந்துவிடுவதை 1907இல் லாவே காட்டினார்.

நிறம். மூலம் நெருங்கினால் அலைநீளம் குறுகும், விலகினால் நீளும். 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜோன் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இப்படித்தான் கண்டுபிடித்தார். செக்கனுக்கு 2 கிலோமீற்றர் பாய்ச்சல், 600 நனோமீற்றர் நிறமாலைக் கோட்டை 0.004 நனோமீற்றர் நகர்த்தும். நெருங்கும் வாயுவின் ஒளியும் விலகும் வாயுவின் ஒளியும் வந்துசேர்ந்த கதி ஒன்றே.

நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவதால் வரும் கூடுதல் பெயர்ச்சி அந்தக் கதியில் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பிடிக்க 1938 வரை, வேகமூட்டிய ஐதரசன் அயன்களை வைத்து ஐவ்ஸும் ஸ்ரில்வெலும் செய்த பரிசோதனை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.