தனிநபர் நிரல் நூலகம்

தனிநபர் நிரல் நூலகம் என்பது, ஒரு நிரலாளர் தம் பல்வேறு பணித்திட்டங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பொருட்டுத் தாமே எழுதித் தொகுத்து வைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பு ஆகும். வலைச் செயலிகளை உருவாக்குவோரிடம் இது பரவலாகக் காணப்படுகின்றது. புகுபதிகை, படிவச் சரிபார்ப்பு, தரவுத்தள இணைப்பு, கோப்புப் பதிவேற்றம் போன்றவை ஏறத்தாழ எல்லா வலைச் செயலிகளுக்கும் பொதுவானவை என்பதே இதற்குக் காரணம்.

வரலாறு

நிரல் மறுபயனாக்கம் வலையை விடப் பழைய கருத்தாகும். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினிக்கான துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாகச் சேமித்து வைக்கப்பட்டன. அவற்றை விளக்கி வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் எழுதிய நூல் 1951 இல் வெளிவந்தது.

இன்று பலரும் அறிந்த பி.எச்.பி. மொழியும் தனிநபர் நூலகமாகவே தோன்றியது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994 இல் தமது இணையப் பக்கத்துக்காக சி மொழியில் சில கருவிகளை எழுதினார். 1995 சூனில் அவற்றின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டார். ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகமும் பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2004 இல் வெளியிடப்பட்டதே.

நூலகமும் நகலெடுப்பும்

பழைய பணித்திட்டத்திலிருந்து வரிகளை வெட்டி ஒட்டுவது நூலகம் ஆகாது. பி.எச்.பி.யின் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2013 இல் கைவிடத்தக்கவையாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் வெளிவந்த 7.0 பதிப்பில் நீக்கப்பட்டன. தரவுத்தள அழைப்புகளை ஒரே கோப்பில் வைத்திருந்தோர் அக்கோப்பை மட்டும் மாற்றினால் போதுமாயிற்று. நகலெடுத்தோர் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. மறுபுறம், நூலகத்திலுள்ள ஒரு பிழை அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளங்களுக்கும் பரவும். கடவுச்சொற்களை எம்.டி.5 முறையில் மட்டும் சேமிக்கும் பழைய நிரலை இன்றும் அப்படியே எடுத்தாள்வது இடர் மிக்கது.

தமிழ் சார்ந்த செயற்கூறுகள்

தமிழ்த் தளம் அமைப்போருக்கு இத்தகைய நூலகம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது. "தமிழ்" என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆனால் ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகவும், யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகளாகவும் அமைகின்றது. நீளம் அளக்கும் சாதாரணச் செயற்கூறு 15 என்றோ 5 என்றோ விடை தரும். தலைப்பைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டும்போது "ழ்" என்பது "ழ" ஆகிவிடுவதும் இதனாலேயே.

அகரவரிசையும் இவ்வாறே. ஒருங்குறியில் "ன" என்பது "ந"வுக்கு அடுத்தும், "ஜ" என்பது "ச"வுக்கும் "ஞ"வுக்கும் இடையிலும் உள்ளன. குறியெண்களைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தினால் அகராதி முறை கெடும். இவற்றைக் கையாளும் செயற்கூறுகளை ஒருமுறை சரியாக எழுதிச் சோதித்து வைப்பது பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும். பைத்தான் மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகம் இப்பணிகள் பலவற்றைச் செய்கின்றது. எனவே புதிதாக எழுதுமுன் அதைப் பார்ப்பது நன்று.

பிறர் நூலகத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கியதால், அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற பணித்திட்டங்களைக் கட்டமைக்க இயலாமற் போயிற்று.

உரிமை

புதிய நிரலாளர் பலர் கவனிக்காதது இதுவே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கிய ஆக்கமாகக் கொள்கின்றது. அதன் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எழுதப்பட்ட ஆக்கத்தின் முதல் உரிமையாளர் வேலை தருபவரே. ஆகவே அலுவலகத்தில் எழுதிய செயற்கூறுகளைப் பணி மாறும்போது உடன் எடுத்துச் செல்வது, எழுதியவர் தாமே ஆயினும், உரிமை மீறலாகலாம். வேலையில் சேருமுன் எழுதியவற்றைத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, ஒப்பந்தத்திலும் குறிப்பிட்டுக் கொள்வது பாதுகாப்பானது. கட்டற்ற உரிமத்தில் முன்னரே வெளியிட்ட நிரலை, அவ்வுரிமத்துக்கு உட்பட்டு, எங்கும் பயன்படுத்தலாம்.